காட்டுயிர் நல அறிவியல்

காட்டுயிர் நல அறிவியல் என்பது மனிதரின் பராமரிப்பில் இல்லாமல் தாமாக வாழும் விலங்குகளின் உடல்நிலை, உணர்வுநிலை, வாழ்க்கைத் தரம் ஆகியவற்றை ஆராயும் அறிவியல் துறை ஆகும். இத்துறையில் பணியாற்றுபவர் காட்டுயிர் நல ஆய்வாளர் எனப்படுவார். இங்கு காட்டுயிர் என்பது காட்டில் வாழும் உயிரினத்தை மட்டும் குறிப்பதன்று. அனல்மின் நிலையங்களுக்கு நடுவே எண்ணூர் கழிமுகத்தில் மீன் பிடிக்கும் கூழைக்கடாவும், திருவொற்றியூர் கரையில் ஒதுங்கும் கடலாமையும் இதில் அடங்கும். துறைமுகங்களும் ஆலைகளும் நிறைந்த வட சென்னைக் கடற்கரை, இத்துறையின் முக்கியமான கேள்விகள் பலவற்றை ஒரே இடத்தில் காணக்கூடிய பகுதியாகும்.

காட்டுயிர்ப் பாதுகாப்பிலிருந்து வேறுபாடு

காட்டுயிர்ப் பாதுகாப்பு இனங்களையும் அவற்றின் எண்ணிக்கையையும் வாழிடங்களையும் முதன்மையாகக் கருதுகிறது. நல அறிவியல் தனி விலங்கைக் கருதுகிறது. "இந்த இனம் அழியுமா?" என்பது முன்னதன் கேள்வி. "இந்த விலங்கு எப்படி வாழ்கிறது, எப்படி இறக்கிறது?" என்பது பின்னதன் கேள்வி.

இவ்வேறுபாட்டைப் பங்குனி ஆமையைக் கொண்டு விளக்கலாம். சென்னைக் கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிட வரும் இந்த ஆமை, ஒரு குழியில் ஏறத்தாழ நூறு முட்டைகள் இடுகிறது. ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றே முழு வளர்ச்சி அடைகிறது என்று பொதுவாக மதிப்பிடப்படுகிறது. அந்த ஒன்று பிழைத்தால் இனம் நிலைபெறும். எஞ்சிய 999 குஞ்சுகள் பசி, வெப்பம், நோய், இரைகொல்லிகள் ஆகியவற்றால் எவ்வாறு துன்புற்றன என்பதை நல அறிவியலே கேட்கிறது. இரு துறைகளும் பெரும்பாலும் ஒன்றையொன்று துணை செய்கின்றன எனினும், சில வேளைகளில் முரண்படவும் செய்கின்றன.

வரலாறு

விலங்கு நல அறிவியல் முதலில் பண்ணை விலங்குகளைப் பற்றியதாகவே தோன்றியது. 1964 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ரூத் ஹாரிசன் எழுதிய நூல் எழுப்பிய விவாதத்தைத் தொடர்ந்து அந்நாட்டு அரசு பிராம்பெல் குழுவை அமைத்தது. அக்குழுவின் 1965 ஆம் ஆண்டு அறிக்கையிலிருந்து "ஐந்து விடுதலைகள்" என்ற கொள்கை பின்னர் உருவானது. பசி தாகம், உறைவிட இன்னல், வலி நோய், அச்சம் ஆகியவற்றிலிருந்து விடுதலையும், இயல்பான நடத்தைக்கான விடுதலையும் இதில் அடங்கும். 1994 இல் நியூசிலாந்தின் டேவிட் மெல்லரும் ரீடும் "ஐந்து களங்கள்" என்னும் மதிப்பீட்டு முறையை முன்வைத்தனர். உணவு, சூழல், உடல்நலம், நடத்தை ஆகிய நான்கும் ஐந்தாவது களமான மனநிலையை எவ்வாறு பாதிக்கின்றன என்று இம்முறை ஆராய்கிறது.

தாமாக வாழும் விலங்குகளை நோக்கி இத்துறையைத் திருப்பியவர்களுள் முதன்மையானவர் மலேசியாவில் பிறந்த பொருளியலாளர் இயூ-குவாங் இங் ஆவார். 1995 இல் வெளியிட்ட கட்டுரையில் "நல உயிரியல்" என்ற புதிய துறை தேவை என்று அவர் வாதிட்டார். 2012 இல் வெளியான கேம்பிரிட்ஜ் அறிக்கை, பாலூட்டிகள், பறவைகள் உள்ளிட்ட பல விலங்குகளில் உணர்வுக்கான நரம்பியல் அடிப்படை உள்ளது என்று கூறியது. 2019 இல் காட்டுயிர் நல ஆய்வுக்கென்றே வைல்ட் அனிமல் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு அமெரிக்காவில் தொடங்கப்பட்டது.

இந்தியாவில் விலங்கு நலச் சட்டத்துக்கும் சென்னைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1960 ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழிவகுத்தவர் மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல். 1962 இல் அமைக்கப்பட்ட இந்திய விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வாரியத்தின் தலைமையகம் 2018 வரை சென்னையில் இயங்கியது. ஆயினும் காட்டுயிர்கள் 1972 ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால், நலமும் பாதுகாப்பும் சட்டத்தில் தனித்தனி வழிகளாகவே இருந்து வருகின்றன.

ஆய்வாளரின் பணி

கல்வி

இத்துறைக்கு வருவோர் கால்நடை மருத்துவம், விலங்கியல், காட்டுயிர் உயிரியல், உளவியல், புள்ளியியல் முதலிய பல துறைகளிலிருந்து வருகின்றனர். தமிழ்நாட்டில் வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903 இல் தொடங்கப்பட்டது. மயிலாடுதுறை அ. வ. அ. கல்லூரியில் காட்டுயிர் உயிரியல் கற்பிக்கப்படுகிறது. வண்டலூரில் வனத்துறையின் உயர்நிலை வனவுயிரினப் பாதுகாப்பு நிறுவனம் உள்ளது. ஐதராபாத்தில் உள்ள லேகோன்ஸ் ஆய்வகம் விலங்குகளின் சாணத்திலிருந்து இயக்குநீர் அளவை அறியும் ஆய்வுகளை மேற்கொள்கிறது.

அளவீட்டு முறைகள்

விலங்கு தன் நிலையைச் சொல்லாது. ஆகவே ஆய்வாளர் பல சான்றுகளைச் சேர்த்தே முடிவுக்கு வரவேண்டும். முக்கியமான முறைகள் பின்வருமாறு:

- உடல்நிலை மதிப்பெண்: கொழுப்பு, தசை, இறகு, தோல் ஆகியவற்றைப் பார்த்து மதிப்பிடுதல்.
- நடத்தைப் பதிவு: உணவு தேடுதல், இறகு கோதுதல், ஓய்வு ஆகியவற்றுக்குச் செலவாகும் நேரத்தைக் குறித்தல்.
- விலகும் தொலைவு: மனிதர் எவ்வளவு அருகில் வந்ததும் விலங்கு விலகுகிறது என அளத்தல்.
- இயக்குநீர் அளவு: பறவைகளிலும் ஆமைகளிலும் நெருக்கடியின்போது கார்ட்டிகோஸ்டிரோன் மிகும். இரத்தம், எச்சம், இறகு ஆகியவற்றில் இதை அளக்கலாம்.
- உடற்கூறாய்வு: இறந்த விலங்கு எதனால், எவ்வளவு நேரம் துன்புற்று இறந்தது என அறிதல்.

இவற்றுள் இயக்குநீர் அளவீட்டில் ஒரு சிக்கல் உண்டு. பறவையைப் பிடிப்பதே அதற்கு நெருக்கடி ஆகும். எனவே இரத்தத்தைப் பிடித்த சுமார் மூன்று நிமிடங்களுக்குள் எடுத்தால்தான் பிடிப்பதற்கு முந்தைய நிலை தெரியும். இறகோ அது வளர்ந்த வாரங்களின் நிலையைச் சேமித்து வைத்திருக்கும். துன்பத்தை அளக்கும் பணியே துன்பம் தரக்கூடும் என்பதால், விலங்கைத் தொடாத முறைகளுக்கே ஆய்வாளர்கள் முன்னுரிமை தருகின்றனர்.

வட சென்னைக் கடற்கரை

கொசத்தலை ஆறு (கொற்றலை ஆறு) எண்ணூரில் கடலில் கலக்கிறது. பக்கிங்காம் கால்வாய் இக்கழிமுகத்தை வடக்கே பழவேற்காட்டு ஏரியுடன் இணைக்கிறது. இதனைச் சுற்றி அனல்மின் நிலையங்களும், 2001 இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர் துறைமுகமும் (2014 முதல் காமராசர் துறைமுகம்), காட்டுப்பள்ளித் துறைமுகமும், மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் அமைந்துள்ளன. நிலக்கரிச் சாம்பலும் ஆலைக் கழிவும் கழிமுகத்தில் சேர்வது இப்பகுதி மீனவர்களின் நீண்டகால முறையீடு ஆகும். இத்தனைக்கும் நடுவே இறால், நண்டு, மட்டி, கூழைக்கடா, நாரை ஆகியவை இங்கு வாழ்ந்து வருகின்றன.

2017 எண்ணெய்க் கசிவு

2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராசர் துறைமுகத்துக்கு அருகே பி. டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் ஆகிய இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த கனரக எண்ணெய் தெற்கே மெரினா வரையும் பரவியது. எர்ணாவூர் கரையில் பாறைகளுக்கிடையே திரண்ட எண்ணெயை மீனவர்களும் மாணவர்களும் பணியாளர்களும் வாளிகளால் அள்ளினர். ஆமைகள் முட்டையிடும் பருவத்திலேயே இது நிகழ்ந்தது.

2023 எண்ணெய்க் கசிவு

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்சாங் புயலால் பெருமழை பெய்தபோது, மணலியில் உள்ள சென்னை பெட்ரோலியம் நிறுவன வளாகத்திலிருந்து எண்ணெய் கலந்த வெள்ளநீர் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்தை அடைந்தது. படகுகள், வலைகள், அலையாத்தி மரங்கள், வீடுகள் எனப் பலவற்றிலும் எண்ணெய் படிந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

இதன்போது உடலில் எண்ணெய் படிந்த கூழைக்கடாக்கள் காணப்பட்டன. அவற்றைப் பிடித்துக் காப்பாற்ற வனத்துறை குழுக்களை அனுப்பியது. ஆனால் அவற்றுள் பல இன்னும் பறக்கும் நிலையில் இருந்ததால் பிடிப்பது கடினமாயிற்று.

ஆமைகளின் இறப்பு

2025 ஜனவரியில் சென்னையிலும் அண்டை மாவட்டங்களின் கரைகளிலும் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. இழுவை மடிகளில் சிக்கி மூச்சுத் திணறியதே முக்கியக் காரணமாகக் கூறப்பட்டது. ஓய்வில் இருக்கும் ஆமை மணிக்கணக்கில் நீருக்கடியில் இருக்க வல்லது. வலையில் சிக்கிப் போராடும் ஆமையோ உயிர்வளியை விரைவில் செலவழித்துவிடுகிறது. உயிருடன் மேலே வந்தாலும் ஆபத்து நீங்குவதில்லை. வலைகளில் சிக்கிய ஆமைகளின் இரத்தத்தில் வளிக்குமிழிகள் உருவாவதை எசுப்பானிய ஆய்வாளர்கள் 2014 இல் கண்டறிந்தனர். எனவே "உயிருடன் கடலில் விடப்பட்டது" என்ற பதிவு, ஆமை பிழைத்தது என்பதற்குச் சான்று ஆகாது. கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்த ஆமை விலக்குச் சாதனம், ஆமை வலையிலிருந்து வெளியேற வழி தருகிறது.

காக்கா ஆழி

தென்னமெரிக்காவைச் சேர்ந்த ஒருவகைச் சிப்பி எண்ணூர் கழிமுகத்தில் பெருகி அடிமணலை மூடியுள்ளது. மீனவர்கள் இதனைக் காக்கா ஆழி என்கின்றனர். இது உள்ளூர் மட்டிகளையும் இறால்களையும் நெருக்குகிறது. பாதுகாப்பு நோக்கில் இதனை அகற்றவேண்டும் என்பதில் ஐயம் இல்லை. நல அறிவியலோ, சிப்பி உணர்வுடையதா என்றும் கேட்கிறது. பத்துக்காலிகளான நண்டு, இறால் ஆகியவற்றை உணர்வுள்ளவையாக ஐக்கிய இராச்சியம் 2022 ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏற்றுள்ளது. சிப்பி அச்சட்டத்தில் சேர்க்கப்படவில்லை. இத்தகைய வேறுபாடுகள் எங்கு அக்கறையைச் செலுத்துவது என்பதைத் தீர்மானிக்க உதவுகின்றன.

எண்ணெய் படிந்த பறவையைப் பிடிக்கலாமா?

எண்ணெய் இறகுகளின் நுண்ணமைப்பைக் குலைக்கிறது. நீர் தோலை எட்டுகிறது. உடல் வெப்பம் குறைகிறது. பறவை அலகால் இறகைக் கோதும்போது எண்ணெயை விழுங்குகிறது. அது குடலையும் இரத்தச் செல்களையும் கெடுக்கிறது. பிடித்த உடனே கழுவுவதும் தவறு. முதலில் வெப்பமும் நீர்மமும் கொடுத்துத் தேற்றி, பின்னரே வெதுவெதுப்பான நீரில் கழுவவேண்டும்.

கழுவி விட்டால் பறவை பிழைக்குமா என்பதற்கு உலக அனுபவம் இருவேறு விடைகளைத் தருகிறது. 2000 ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் ட்ரெஷர் கப்பல் மூழ்கியபோது எண்ணெய் படிந்த ஏறத்தாழ 19,000 பென்குயின்கள் மீட்கப்பட்டன. மிகப் பெரும்பாலானவை பிழைத்தன. மாறாக, கலிபோர்னியாவில் எண்ணெய் அகற்றி விடப்பட்ட பழுப்புக் கூழைக்கடாக்களைக் கண்காணித்து 1996 இல் வெளியான ஆய்வு, அவை பிற கூழைக்கடாக்களைவிட விரைவில் இறந்தன என்றும் இனப்பெருக்கத்தில் ஈடுபடவில்லை என்றும் காட்டியது.

எனவே எண்ணூரில் எழுந்த கேள்வி எளிதன்று. பறக்கும் கூழைக்கடாவைப் படகில் துரத்தினால் அது களைப்படையும். மேலும் எண்ணெய் உள்ள நீரிலேயே இறங்கக்கூடும். பறக்க இயலாமல் வீழும்வரை காத்திருந்தால் எண்ணெய் உடலுக்குள் சென்றிருக்கும். எண்ணெய் படிந்த அளவு, பறவையின் எடை, பறக்கும் திறன் ஆகியவற்றைக் கொண்டு எந்தப் பறவையைப் பிடிப்பது என்று முன்கூட்டியே வகுத்திருப்பதும், விடும் பறவைக்குக் கால்வளையம் இட்டுத் தொடர்ந்து கண்காணிப்பதுமே பயனுள்ள வழி. கண்காணிக்காமல் விட்டால், செய்தது உதவியா என்பதே அடுத்த கசிவின்போதும் தெரியாமல் போகும்.

விமர்சனங்கள்

- இயற்கையில் தலையிடுவது எதிர்பாராத விளைவுகளைத் தரும் என்று சூழலியலாளர் சிலர் கூறுகின்றனர். இதனாலேயே தலையீட்டுக்கு முன் அளவீடு வேண்டும் என்பது இத்துறையினரின் நிலைப்பாடு.
- விலங்கின் அகநிலையை வெளியிலிருந்து அளக்க முடியுமா என்ற ஐயம் உள்ளது. ஒரே அளவீட்டை நம்பாமல் பலவற்றைச் சேர்த்துப் பார்ப்பதே இதற்கு இயன்ற விடை.
- மாசினால் மீனவர்களே தொழிலும் உடல்நலமும் இழக்கும் இடத்தில் பறவைகளுக்கு முதன்மை தரலாமா என்று கேட்கப்படுகிறது. எண்ணூரில் இரண்டையும் பிரிக்க இயலாது. கூழைக்கடாவின் இறகில் படிந்த எண்ணெயே மீனவரின் வலையிலும் படிந்தது. கழிமுகத்தை நாள்தோறும் காணும் மீனவரின் அறிவு இன்றி அங்கு ஆய்வும் நடைபெறாது. கழுவப்பட்ட ஒவ்வொரு பறவையைவிட, கசியாமல் தடுக்கப்பட்ட எண்ணெயே இருவருக்கும் நன்மை தருவது.

இவற்றையும் பார்க்க

- எண்ணூர் கழிமுகம்
- கூழைக்கடா
- பங்குனி ஆமை
- பழவேற்காடு ஏரி
- விலங்குரிமை
- காட்டுயிர்ப் பாதுகாப்பு