ஓயாத கால்களும் பூனைக்காலி விதையும்

மூலக்குளத்திலிருந்து சென்னைக்குப் பேருந்தில் செல்ல மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். சன்னலோர இருக்கை கிடைத்தால் நமக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் சிலருக்கு அப்படி அசையாமல் உட்கார்ந்திருப்பதே பெருந்துன்பம். கால்களுக்குள் ஏதோ ஊர்வது போலவும் இழுப்பது போலவும் இருக்கும். எழுந்து நடந்தால் அடங்கும்; உட்கார்ந்தால் திரும்பவும் வரும். இரவில் தொல்லை கூடித் தூக்கமும் கெடும். உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் நள்ளிரவில் கூடத்தில் நடந்துகொண்டிருந்தால், 'வெறும் பிரமை' என்று தள்ளிவிடாதீர்கள், மாணவர்களே!

இது ஒரு நோய். 1672இல் ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் இதைப் பற்றி எழுதினார். 1945இல் சுவீடன் நாட்டு எக்பாம் இதை 'ஓய்வற்ற கால்கள்' என்று பெயரிட்டு விளக்கினார்.

கோளாறு காலில் இல்லை, மூளையில் இருக்கிறது. நரம்புச் செல்களிடையே செய்தி கொண்டுசெல்லும் பொருள்களுள் ஒன்று டோப்பமைன். அதை உண்டாக்கும் நொதி வேலை செய்ய இரும்பு தேவை. மூளையில் இரும்பு குறைவதே இந்நோய்க்கு ஒரு முக்கியக் காரணம் எனக் கருதப்படுகிறது. கர்ப்பிணிகளிடமும் சிறுநீரக நோயாளிகளிடமும் இது அதிகம் காணப்படுகிறது.

அப்படியானால் டோப்பமைனையே மாத்திரையாகக் கொடுக்கலாமே? முடியாது. இரத்தத்திலிருந்து மூளைக்குள் செல்லும் வழியில் ஒரு தடுப்பு உண்டு. டோப்பமைன் அதைக் கடக்காது. ஆனால் லெவோடோப்பா கடக்கும். உள்ளே சென்று டோப்பமைனாக மாறும். தொட்டால் அரிக்கும் காய்களையுடைய பூனைக்காலிக் கொடியை அறிவீர்களா? அதன் விதையிலிருந்து லெவோடோப்பாவை 1937இல் சென்னையில் தாமோதரனும் இராமசாமியும் பிரித்தெடுத்தனர். 1982இல் துருக்கிய மருத்துவர் அக்பினார், இம்மருந்து ஓயாத கால்களை அடக்குவதாக அறிவித்தார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. நாளடைவில் பலருக்கு, இரவில் வந்த தொல்லை மாலையிலேயே தொடங்கியது, கைகளுக்கும் பரவியது. மருந்தே நோயை வளர்த்தது! டோப்பமைனைப் போலச் செயல்படும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் மருந்துகளிலும் இதே சிக்கல் தெரிந்தது.

ஆகவே இன்று மருத்துவர்கள் முதலில் இரத்தத்தில் ஃபெரிட்டின் அளவைப் பார்க்கின்றனர். இரும்புச் சேமிப்பு குறைவாக இருந்தால் மாத்திரையாகவோ ஊசி வழியாகவோ இரும்பு தருகின்றனர். தேவையானால் காபாபென்டின், பிரிகாபலின் போன்ற வேறு வகை மருந்துகளைச் சேர்க்கின்றனர்.

பூனைக்காலி விதையை நாமே அரைத்துக் கொடுக்கலாமா? கூடாது. விதைக்கு விதை மருந்தின் அளவு மாறும். இரும்பு மாத்திரையையும் சோதனையின்றி விழுங்கலாகாது. இரவில் நடக்கும் அந்தப் பெரியவரை ஒருநாள் பகலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஓர் எளிய இரத்தச் சோதனை அவருக்குத் தூக்கத்தைத் திருப்பித் தரக்கூடும்.