முகம் தெரியக் கூடாது, வழி தெரிய வேண்டும்

வீட்டிலேயே செய்யும் வேஷ ஹெல்மெட்டில் நம்மை அதிகம் படுத்துவது கண் இருக்கும் இடம்தான். ஈவிஏ ஃபோமை வெட்டி, ஹீட் கன்னால் சூடுகாட்டி வளைத்து, பெயின்ட் அடித்து, இரும்பு என்றே நம்பும்படியான தலைக்கவசத்தை இன்று பள்ளிப் பிள்ளைகளே செய்துவிடுகிறார்கள். 2008ல் சிங்கப்பூர் சன்டெக்கில் தொடங்கிய அனிமே ஃபெஸ்டிவல் ஆசியா போன்ற விழாக்களுக்குப் போனால் அப்படிப்பட்ட கைவேலையை வரிசையாகப் பார்க்கலாம். முன்னால் வைசர் பொருத்தும் கட்டம் வரும்போதுதான் பலர் திணறுகிறார்கள். சிலருக்கு முகம் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். வேறு சிலருக்கு முகம் மறைந்துவிடும், ஆனால் வழியும் தெரியாது. நண்பர் கையைப் பிடித்து நடக்க வேண்டியதுதான்.

"ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தெரியும் ஷீட் இருக்கிறதா?" என்று கடையில் கேட்பவர்கள் உண்டு. சாதாரண பிளாஸ்டிக்கிலோ ஃபிலிமிலோ அப்படி ஒன்று கிடையாது. உள்ளேயிருந்து வெளியே எவ்வளவு ஒளி போகிறதோ, அதே விகிதத்தில்தான் வெளியேயிருந்து உள்ளேயும் வரும். மறைப்பது ஷீட் அல்ல, ஷீட்டுக்குப் பின்னால் இருக்கும் இருட்டு. வீவக அடுக்குமாடி வீட்டில் பகலில் மெல்லிய திரையை இழுத்துவிட்டால் எதிர் புளோக்குக்காரர்களுக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. இரவில் விளக்கைப் போட்டால் அதே திரை வழியாக நாம் சாப்பிடுவதுகூடத் தெரியும். ஹெல்மெட்டிலும் நடப்பது இதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 சதவீத ஒளியை மட்டும் விடும் டின்ட் ஃபிலிமை வைசரில் ஒட்டியிருக்கிறீர்கள். உங்கள் கண்ணுக்கு வெளிக்காட்சி ஒரு முறைதான் ஃபிலிமைக் கடக்கிறது, ஆகவே 20 சதவீதம் கிடைக்கிறது. எதிரில் நிற்பவர் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமானால், வெளிச்சம் ஃபிலிமைக் கடந்து உள்ளே போய் முகத்தில் பட்டு, திரும்பவும் ஃபிலிமைக் கடந்து வர வேண்டும். 20-இல் 20 சதவீதம் என்றால் 4. அதிலும் ஒரு பகுதியை முகத் தோல் விழுங்கிவிடும். மிஞ்சுவது ஓரிரு சதவீதம். அதே நேரம் வைசரின் வெளிப்பரப்பு தன்மேல் விழும் ஒளியில் 4, 5 சதவீதத்தைக் கண்ணாடி போலத் திருப்பி அனுப்புகிறது. அந்தப் பளபளப்புக்குப் பின்னால் முகம் காணாமல் போய்விடும்.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டவர் முதலில் செய்யும் வேலை, ஹெல்மெட்டின் உட்புறம் முழுவதும் பளபளப்பில்லாத கறுப்பு அடிப்பதுதான். பல பேர் வெளியே மாதக்கணக்கில் உழைத்துவிட்டு, உள்ளே வெறும் ஃபோமை வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ விட்டுவிடுகிறார்கள். கழுத்துப் பக்கத்திலிருந்து வெளிச்சம் ஏறி அந்த வெளிர்நிறத்தில் பட்டுச் சிதறி முகத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். கண் மட்டும் தெரியும்படி தலையைக் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு, கழுத்து இடைவெளியையும் கறுப்புத் துணியால் அடைத்தால், இன்னும் இளம் டின்ட்டே போதும். உள்ளே எல்இடி விளக்கு வைக்கும் ஆசை இருந்தால், அதன் ஒளி முகத்தில் படாதபடி மறைப்பு வைத்து வெளிப்பக்கம் திருப்புங்கள். இல்லாவிட்டால் அது இரவு வீட்டு விளக்காகிவிடும்.

எவ்வளவு கறுப்பு வேண்டும் என்பது எங்கே போடப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உச்சி வெயிலில் ஒளி ஒரு லட்சம் லக்ஸ் வரை இருக்கும். 5 சதவீத ஃபிலிம் போட்டாலும் 5,000 லக்ஸ் கண்ணுக்கு வரும், தாராளம். மாநாட்டு மண்டபத்துக்குள் சில நூறு லக்ஸ்தான். 400 என்று வைத்துக்கொண்டால் அதே ஃபிலிம் 20 லக்ஸைத்தான் விடும். படிக்கட்டின் விளிம்பு கண்ணில் படாது. தீபாவளி ஒளியூட்டு நேரத்தில் சிராங்கூன் சாலையில் வேஷம் போட்டு நடக்க நினைத்தால், மேலே விளக்குகள் ஜொலித்தாலும் காலடியில் அந்த வெளிச்சம் கிடையாது. மண்டபத்துக்கு 20 முதல் 35 சதவீதம் சரியாக இருக்கும். இரவுத் தெருவுக்கு டின்ட்டையே நம்பாதீர்கள். சிங்கப்பூரில் காரின் முன்கண்ணாடிக்கும் முன்பக்க ஜன்னல்களுக்கும் குறைந்தது 70 சதவீதம், பின்பக்க ஜன்னல்களுக்கு 25 சதவீதம் ஒளி கடக்க வேண்டும் என்று நிலப் போக்குவரத்து ஆணையம் விதித்திருக்கிறது. ஆகவே கார் டின்ட் ஒட்டும் கடைகளில் 25, 35 என்ற அளவில் வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கேட்டுப் பார்க்கலாம். ஒரு வைசருக்கு ஒரு முழத் துண்டே போதும்.

விண்வெளி வீரர் வேஷத்துக்கு மட்டும், முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பிரதிபலிக்கும் ஃபிலிம் பொருத்தம். 1969ல் நிலவில் நடந்தவர்களின் வெளி வைசரில் உண்மையாகவே மெல்லிய தங்கப் பூச்சு இருந்தது. சூரியனின் கண்கூசும் ஒளியையும் வெப்பத்தையும் தடுக்க அது தேவைப்பட்டது. உள்ளே இருந்த குமிழ் போன்ற கவசம் பாலிகார்பனேட். நமக்கு அந்தப் பாலிகார்பனேட்தான் முக்கியம்.

ஷீட் வாங்கும்போது அக்ரிலிக், பாலிகார்பனேட், பிஇடிஜி என்று மூன்று பெயர்கள் காதில் விழும். அக்ரிலிக் பளிங்கு போல இருக்கும், சுலபத்தில் கீறல் விழாது. ஆனால் வளைத்தால் உடைந்துவிடும், உடைந்த முனை கத்தி போல இருக்கும். கண்ணுக்கு இவ்வளவு அருகில் வைக்க அதை நான் சொல்லமாட்டேன். பாலிகார்பனேட் சூடு காட்டாமலே வளையும். தடிமனைப் போல் 100 மடங்குக்குக் குறையாத ஆரத்தில் வளைத்தால் தாங்கும். 1 மில்லிமீட்டர் ஷீட்டை 10 சென்டிமீட்டர் ஆரத்துக்கு, அதாவது கிட்டத்தட்டத் தலையைச் சுற்றி வரும் வளைவுக்குக் கையாலேயே கொண்டுவரலாம். நல்ல கத்தரிக்கோலால் வெட்டவும் முடியும். குமிழ் போல இரண்டு திசையிலும் வளைய வேண்டுமானால் சூடு காட்டியே ஆக வேண்டும், அதற்கு பிஇடிஜி. அது சுமார் 80 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். பாலிகார்பனேட்டுக்கு 150 டிகிரிக்கு மேல் வேண்டும். அதுவும் நம் ஊர்க் காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருக்கும் என்பதால், முன்கூட்டியே மணிக்கணக்கில் உலர்த்தாவிட்டால் சூட்டில் உள்ளே பொடிப்பொடியாகக் கொப்புளம் வந்துவிடும். பெயர் தெரியாத ஷீட்டைச் சூடாக்கவே வேண்டாம். அது பிவிசியாக இருந்தால் நெஞ்சை எரிக்கும் அமிலப் புகை வரும்.

முதல் முறை செய்பவர் குமிழ் பக்கம் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரே திசையில் வளையும் வைசருக்கு ஏற்றபடி ஹெல்மெட்டின் திறப்பை அமைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஃபோமை ஒட்டி முடித்த பிறகு வைசரைப் பற்றி யோசிப்பதால்தான் அத்தனை சிரமமும் வருகிறது.

தேக்காவிலிருந்து இதற்கு அதிக தூரம் அலைய வேண்டியதில்லை. ஜாலான் புசார் முனையில் சிம் லிம் டவர். சின்ன மின்விசிறி, ஒயர், சுவிட்ச் அங்கே. அப்படியே பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் வரை நடந்தால் ஓவியப் பொருள், எழுதுபொருள் கடைகள். முதலில் ஏ4 பைண்டிங்குக்குப் போடும் தெளிவான அட்டைகளை வாங்கி அதில் அளவு பாருங்கள். நல்ல ஷீட்டை நேரடியாக வெட்டிப் பாழாக்க வேண்டாம்.

அளவு எடுப்பது இப்படி. ஹெல்மெட்டின் திறப்பை உள்பக்கமாக மாஸ்கிங் டேப்பால் குறுக்கும் நெடுக்குமாக மூடுங்கள். வெளியிலிருந்து திறப்பின் விளிம்பை டேப்பின் மேல் பென்சிலால் கோடு போடுங்கள். டேப்பை ஒரே படலமாக உரித்து அட்டையில் ஒட்டி, கோட்டுக்கு வெளியே சுற்றிலும் ஒன்றரை சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். அந்த ஓரம்தான் பின்னால் ஒட்டுவதற்கான இடம். அட்டை உள்ளே சுருக்கமில்லாமல் பதிந்தால், ஷீட்டும் பதியும். ஷீட்டின் மேல் வரும் பாதுகாப்புத் தாளைக் கடைசி வரை உரிக்காமல், ஃபிலிம் ஒட்டும் பக்கத்தை மட்டும் எடுங்கள்.

ஃபிலிமை உள்பக்கத்தில் ஒட்டினால் கீறல் படாது. ஷீட் தட்டையாக இருக்கும்போதே, சில துளி பாத்திர சோப்பு கலந்த தண்ணீரைத் தெளித்து, ஃபிலிமை மிதக்கவிட்டு, துணி சுற்றிய பழைய அட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளுங்கள். ஒரு நாள் காயட்டும். பாலிகார்பனேட்டிலிருந்து வாயு கசிவதால் சில நாள் கழித்துச் சின்னக் குமிழ்கள் எழலாம், ஊசியால் குத்தி அழுத்திவிட்டால் போதும்.

பொருத்தும்போது சூப்பர் க்ளூவைத் தொடாதீர்கள். அதன் ஆவி, மூடிய ஹெல்மெட்டுக்குள் படிந்து, ஒட்டிய இடத்திலிருந்து விரல் அகலத்துக்கு வெள்ளைப் பூஞ்சை போலப் படரும். தெளிவான ஷீட்டில் அது துடைத்தாலும் போகாது. தின்னர், அசிட்டோன், அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் எல்லாமே பாலிகார்பனேட்டுக்குப் பகை. வளைந்து இழுபட்டிருக்கும் ஷீட்டில் நூல் நூலாக வெடிப்பு விழும். ஓரத்தில் ஹாட் க்ளூவை, சூடு குறைவான கன்னால், விட்டுவிட்டு வையுங்கள். அதைவிட நல்லது வெல்க்ரோ. கழற்றித் துடைக்கலாம், கீறினால் மாற்றலாம்.

இனி பனிமூட்டம். மூச்சு சுமார் 34 டிகிரியில், ஈரம் நிறைந்து வருகிறது. சிங்கப்பூர்க் காற்றே 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் பனிக்கும் அளவுக்கு ஈரமானது. ஏர்கான் மண்டபத்தில் வைசர் அந்த அளவுக்குக் குளிர்ந்துவிடும், அதில் உங்கள் மூச்சும் சேர்ந்தால் இரண்டு நிமிடத்தில் வெண்திரைதான். இதைத் தடுக்க இரண்டு வழி உண்டு, இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள். மூக்குக்கு மேல் ஒரு ஃபோம் பட்டையை முகத்தோடு ஒட்டி வைத்து மூச்சைக் கீழே தள்ளுங்கள். தாடைப் பக்கம் துளை இருக்கட்டும். பிறகு 40 மில்லிமீட்டர், 5 வோல்ட் மின்விசிறி ஒன்றை வெளிக்காற்று வைசரின் உட்பக்கத்தில் படும்படி வைத்து, பவர் பேங்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு, ஒரு துளி பாத்திர சோப்பை உட்பக்கம் தடவிக் கறை தெரியாதவரை துடைத்தால், நீர் துளித்துளியாக நிற்காமல் மெல்லிய படலமாகப் பரவித் தெளிவாகவே இருக்கும். சில மணி நேரம் தாங்கும்.

இத்தனையும் வேண்டாம், கண் இருக்கும் இடம் பளபளக்க வேண்டிய வேஷமும் அல்ல என்றால், தேக்கா சென்டர் மாடிக்குப் போங்கள். துணிக்கடைகளும் தையல் கடைகளும் நெருங்கியிருக்கும் அந்தத் தளத்தில் கறுப்பு நெட் துணி கேளுங்கள். புடவைக்கும் லெஹங்காவுக்கும் விற்கும் அதே நெட்தான். கண்ணுக்கு முன்னால் பிடித்துப் பார்த்து, துளை அகலமாகவும் நூல் மெல்லியதாகவும் உள்ளதை எடுங்கள். அதை ஃபோம் சட்டத்தில் இழுத்து ஒட்டி, வெளிப்பக்கத்தில் மட்டும் வேண்டிய நிறத்தைச் சாய்வாக, தூரத்திலிருந்து, தூவினாற்போல ஸ்ப்ரே செய்தால் நூல்களின் முன்பக்கம் மட்டும் நிறம் ஏறும். துளைகள் அடையாது, உள்பக்கம் கறுப்பாகவே இருக்கும். எதிரில் நிற்பவர் கண்ணுக்கு அந்த நிறம்தான் ஒளிரும். உங்கள் கண்ணுக்கோ நூல்கள் மூன்று, நான்கு சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதால் குவியாமல் மங்கி மறைந்துவிடும், வெளிக்காட்சி மட்டும் நிற்கும். காற்றும் போய்வரும், பனிமூட்டம் என்ற பேச்சே இல்லை. விலங்கு வேஷங்களுக்கும் பொம்மை வேஷங்களுக்கும் எந்த வைசரையும் விட இதையே நான் சிபாரிசு செய்வேன்.

முகத்தை மறைக்க வேறொரு வழியும் உண்டு. சிங்க நடனக்காரர் சிங்கத்தின் கண் வழியாகப் பார்ப்பதில்லை, வாய் வழியாகத்தான் பார்க்கிறார். 1973ல் ஜாலான் புசாரிலிருந்து முதல் சிங்கே ஊர்வலம் கிளம்பிய காலத்துக்கு முன்பிருந்தே இதுதான் முறை. உங்கள் ஹெல்மெட்டிலும் வேஷத்தின் கண் ஓரிடத்திலும் உங்கள் கண் வேறிடத்திலும் இருக்கலாம். மூக்குத் துளை, வாய், கழுத்துப் பட்டையின் நிழல் என்று எது இயல்பாகவே கறுப்பாக இருக்கிறதோ அங்கே நெட்டை வையுங்கள்.

முடித்ததும் புளோக்கின் கீழ்த்தளத்தில் நண்பர் ஒருவரோடு நடந்து பாருங்கள். தலையை ஆட்டாமல் எவ்வளவு கீழே தெரிகிறது என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலான ஹெல்மெட்டில் சொந்தக் காலே தெரியாது. வைசர் கண்ணுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு அகலமாகத் தெரியும், ஆகவே நெற்றி ஃபோமை மெலிதாக்கி வைசரை முகத்தோடு நெருக்குங்கள். சின்னப் பிள்ளைகள் இடுப்புயரத்தில்தான் வந்து நிற்பார்கள், அவர்களைக் கவனிக்கவே உடன் ஒருவர் தேவை. லிட்டில் இந்தியா எம்ஆர்டியின் நகரும் படிக்கட்டில் கால் வைக்கும் முன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், மேலே ஏறியதும் போட்டுக்கொள்ளலாம்.