வட்டுக்கோட்டைக் கோயிற்பற்று

வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரிக்குப் பக்கத்தில் நிற்கும் பழைய தேவாலயத்தை ஒல்லாந்தர் 1678இல் கட்டினார்கள். அதற்கு முன்பே அங்கே போர்த்துக்கேயரின் கோயில் இருந்தது. 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்த அவர்கள் குடாநாட்டு ஊர்களைக் கோயிற்பற்றுகளாகப் பிரித்தார்கள். 1658இல் வந்த ஒல்லாந்தர் குருமாரைத் துரத்திவிட்டுப் பிரிவுகளை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

ஒல்லாந்தர் காலத்தில் கோயிற்பற்று என்பது பாதி கச்சேரி. ஞானஸ்நானமும் கலியாணமும் பள்ளித் தோம்பு என்ற பதிவேட்டில் ஏறின. தோம்பில் ஏறாத கலியாணத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. பிள்ளைகளின் முதுசொம்மும் சிக்கலாகும். ஆகவே சனம் பெயரைக் கொடுத்தது, வீட்டில் திருநீறும் பூசிக்கொண்டது. இதைக் கபடம் என்று எழுதிய பாதிரிமாருண்டு. காணி உறுதிக்காகக் கையெழுத்து வைப்பது கபடமென்றால் யார்தான் தப்புவார்?

1795இல் பிரித்தானியர் வந்தார்கள், கட்டாயம் போயிற்று, சபையும் கலைந்தது. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தபோது வட்டுக்கோட்டைக் கோயில் கூரையின்றிக் கிடந்தது. தேசாதிபதி பிரவுன்றிக்கின் அனுமதியோடு அதைத் திருத்திக் குடியேறினார்கள். 1823இல் தானியேல் பூவர் அங்கே தொடங்கிய செமினரியில் வேதாகமத்தோடு கணிதம், வானசாஸ்திரம், ஆங்கிலம், தமிழிலக்கியம் எல்லாம் நடந்தன.

ஊர் இம்முறையும் தனக்கு வேண்டியதையே எடுத்துக்கொண்டது. படித்தவர்களில் பலர் ஊழியத்துக்குப் போகவில்லை, அரசாங்க உத்தியோகம் தேடிப் போனார்கள். பொஸ்ரனில் இருந்த மிஷன் தலைமைக்கு அது பிடிக்கவில்லை. 1855இல் செமினரி மூடப்பட்டது. இரண்டே வருடத்தில், 1857இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக வந்த இருவரும் அதன் மாணவர்கள்: கறோல் விசுவநாதபிள்ளை, சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை. பின்னவர் சைவத்துக்குத் திரும்பி 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். மிஷன் தன் தோல்வியைக் கணக்கெடுத்த அதே இடத்தில்தான், என் பார்வையில், அதன் பெரிய வெற்றி இருக்கிறது.

படிப்பில்லாமல் ஊர் சும்மா இருக்கவில்லை. பழைய மாணவர்களும் ஊர்ப் பிரமுகர்களும் முன்னின்று கேட்க, 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி அதே வளவில் திறந்தது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, பேராயர் என்ற பதவியே இல்லாத அந்த அமெரிக்க மிஷன் சபைக்கு முதன்முதலாகப் பேராயர் ஒருவர் வந்தார். அவர் யாழ்ப்பாணத் தமிழர், சபாபதி குலேந்திரன். ஒல்லாந்தர் கட்டிய கிராமத்துக் கோயில் அவருடைய பேராலயமாயிற்று.