கோவென்ட்ரி வகுப்பறைக்குள் வந்த அரங்கு

1940 நவம்பரில் ஜெர்மானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு நடுநகரத்தைப் பறிகொடுத்து, போருக்குப் பின் மோட்டார்த் தொழிலாளர் நகரமாக மீண்டெழுந்த இங்கிலாந்தின் கோவென்ட்ரியில், பெல்கிரேட் அரங்கம் 1965இல் மேற்கொண்ட முயற்சியே பின்னர் 'கல்வியியல் அரங்கு' எனப் பெயர்பெற்ற இயக்கத்தின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. நாடகம் பார்க்கும் வழக்கமே இல்லாத குடும்பத்துப் பிள்ளைகளை அரங்கத்துக்கு வரச்சொல்லிக் காத்திராமல் அரங்கமே பள்ளிக்குச் சென்றதும், பள்ளியிடம் கட்டணம் எதுவும் வாங்காமல் நகர மன்றத்தின் நிதியைக் கொண்டு அது நடந்ததும் இம்முயற்சியின் இரு அடிப்படைகள் எனலாம்.

வழக்கமான பள்ளி ஆண்டுவிழா நாடகத்தில் நன்றாகப் பேசத் தெரிந்த சிலர் மேடையேற, மற்றவர்கள் கைதட்டுவதோடு நின்றுவிடுவார்கள். அந்த மற்றவர்களுள் வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளே மிகுதி. கல்வியியல் அரங்கோ ஓரிரு வகுப்பு மாணவரை மட்டும் வைத்துக்கொண்டு, நடிப்பும் கற்பித்தலும் ஒருங்கே அறிந்த 'நடிகர்-ஆசிரியர்'களின் துணையோடு, அனைவரையும் கதைக்குள் இழுத்துக்கொண்டது. 1973இல் சிறு வகுப்புகளுக்காகப் பெல்கிரேட் அரங்கத்தின் குழு உருவாக்கிய 'பவ்வவ்' என்னும் நிகழ்ச்சியில், அமெரிக்கத் தொல்குடி மனிதர் ஒருவரைக் கூண்டில் அடைத்து, அவர் ஆபத்தானவர் என்று காட்டும் வெள்ளைக்காரர் சற்றே அகன்றதும், குழந்தைகள் அடைபட்டவரோடு பழகி அவருடைய வாழ்க்கை முறையை அறிகிறார்கள். வெள்ளைக்காரர் திரும்பி வருகையில் யார் பக்கம் நிற்பது என்பதை அவர்களேதான் முடிவுசெய்ய வேண்டும். ஆறேழு வயதுப் பிள்ளைகளிடம் இவ்வளவு கனமான கேள்வியை வைக்கலாமா என்ற ஐயம் நியாயமானதே. ஆயினும் எப்போதும் பிறர் எடுத்த முடிவுகளுக்குக் கட்டுப்பட்டே வளரும் பிள்ளைக்கு, தன் சொல்லால் ஒரு கதையின் போக்கு மாறுவதைக் காணும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைப்பதில்லை.

இதே காலத்தில் வடகிழக்கே நியூகாசிலில் டொரத்தி ஹீத்கோட் வேறொரு வழியில் இதே இடத்தை வந்தடைந்திருந்தார். பதினான்கு வயதில் யார்க்‌ஷயரின் கம்பளி ஆலையொன்றில் நெசவாளராகச் சேர்ந்து, பின்னர் ஆலை உரிமையாளரே கட்டணம் செலுத்த நாடகப் பள்ளியில் பயின்ற அவர், பட்டம் ஏதுமின்றியே ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்கும் பணியில் அமர்ந்தவர். பிபிசி 1971இல் அவரைப் பற்றி எடுத்த 'மூன்று தறிகள் காத்திருக்கின்றன' என்ற ஆவணப்படத்தில், சீர்திருத்தப் பள்ளிச் சிறுவர்கள் தாமே தேர்ந்துகொண்ட போர்க்கைதி முகாம் கதையை அவரோடு சேர்ந்து கட்டியெழுப்புகிறார்கள். காட்டிக்கொடுப்பவன் ஒருவன் தங்களுக்குள்ளேயே இருக்கிறான் என்ற முடிச்சு விழுந்ததும் அவர்களின் பேச்சு வேறாகிவிடுகிறது. ஆசிரியரே ஒரு பாத்திரமாகி உள்ளே நுழைவதும், மாணவரை ஒரு பணிக்குப் பொறுப்பேற்ற வல்லுநர்களாக வைத்து நடத்துவதும் ஹீத்கோட் வகுத்த முறைகள். பிந்தியதற்கு 'வல்லுநர் போர்வை' என்று பெயர்.

கோவென்ட்ரியின் வழி பிற நகரங்களிலும் வேகமாகப் பரவியது. சரிந்ததும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான். 1988ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டம் உள்ளாட்சிகளின் கையிலிருந்த கல்வி நிதியில் பெரும்பகுதியைப் பள்ளிகளுக்கே பிரித்துக்கொடுத்தது. காகிதத்தில் இது பள்ளிக்குக் கிடைத்த சுதந்திரம். நடைமுறையிலோ, கூரை ஒழுகும் பள்ளியின் தலைமையாசிரியர் நாடகக் குழுவுக்குப் பணம் ஒதுக்குவார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை; எனவே யாருக்காகக் கல்வியியல் அரங்கு தொடங்கப்பட்டதோ அப்பிள்ளைகளின் பள்ளிகளே முதலில் அதைக் கைவிட நேர்ந்தது. பல குழுக்களுக்கு ஆதரவாக இருந்த லண்டன் உள்நகரக் கல்வி ஆணையம் 1990இல் கலைக்கப்பட்டது. கோவென்ட்ரிக் குழுவே 1996இல் மூடப்பட்டது.

ஹீத்கோட்டின் முறை பிழைத்துக்கொண்டதற்குக் காரணம், பயிற்சி பெற்ற வகுப்பாசிரியர் ஒருவரே அதற்குப் போதும் என்பதுதான். அதைக் கொண்டு அரங்கக் குழுக்களின் இழப்பை ஈடுசெய்துவிடலாம் என்று கல்வித்துறையினர் சிலர் வாதிடுவதுண்டு. ஆனால் தினமும் வருகைப் பதிவேட்டோடு வரும் ஆசிரியரிடம் ஒரு மாணவன் சொல்லத் துணியாததை, வேடம் பூண்டு ஒருநாள் மட்டும் வந்துபோகும் அந்நியரிடம் சொல்லிவிடுகிறான். அந்த அந்நியருக்கு ஊதியம் கொடுக்க நகரம் ஒன்று முன்வந்தாக வேண்டும்.