கொட்டகையில் தூங்கிய புல்லட்



உங்கள் வீட்டு மூலையில் பழைய பொருள் ஏதாவது கிடக்கிறதா? தாத்தாவின் ரேடியோ, பாட்டியின் தையல் மிஷின், ஓடாத சுவர்க் கடிகாரம்? எங்கள் வீட்டில் கிடந்தது ஒரு மோட்டார் சைக்கிள்!

காஞ்சிபுரம் பக்கத்தில் உள்ள ஐயம்பேட்டை எங்கள் ஊர். பட்டுத்தறி ஊர். எங்கள் தறிக் கொட்டகையை ஒட்டி ஒரு சாய்ப்பு உண்டு. அதில் கோணி போர்த்திக்கொண்டு முப்பது வருடத்துக்கு மேல் தூங்கியது, என் அப்பா 1968-இல் வாங்கிய புல்லட். நெய்து முடித்த சேலைகளை மூட்டையாகக் கட்டி, அதன் பின்னால் வைத்து, காஞ்சிபுரம் கடைகளுக்குக் கொண்டு போவார். தெருமுனையில் 'டப்... டப்... டப்' என்று கேட்டாலே அம்மா அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டுவிடுவார்.

நான் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றேன். சும்மா இருக்க முடியவில்லை. 2022-இல் ஒரு நாள் கோணியை விலக்கினேன்.

வண்டியைத் தொடும் முன் அதன் பிறப்பைத் தெரிந்துகொள்ள வேண்டாமா? இங்கிலாந்தில் ரெட்டிச் என்று ஓர் ஊர். தையல் ஊசிக்குப் பேர் போன ஊர்! நமக்குப் பட்டு மாதிரி அவர்களுக்கு ஊசி. ஊசி செய்த ஒரு கம்பெனிதான் பிறகு சைக்கிள் செய்து, 1901-இல் மோட்டார் சைக்கிளும் செய்தது. அதுவே ராயல் என்ஃபீல்டு. 'புல்லட்' என்ற பெயர் 1932-இல் வந்தது. நம் ராணுவத்துக்கு எல்லையில் ரோந்து போக உறுதியான வண்டி தேவைப்பட்டது. 1955-இல் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் ரெட்டிச்காரர்களோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கியது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழும்பியது. வேடிக்கையைக் கேளுங்கள்: ரெட்டிச் தொழிற்சாலையை 1967-இல் மூடிவிட்டார்கள். 1977-இல் நம் திருவொற்றியூர் வண்டி கப்பலேறி இங்கிலாந்துக்கே விற்பனைக்குப் போனது!

சரி, சாய்ப்புக்கு வருவோம். காஞ்சிபுரத்திலிருந்து வயதான மெக்கானிக் ஒருவர் ஞாயிறுதோறும் வருவார். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேரன் அவருக்குக் கையாள். "வாத்தியாரே, கழற்றுவது யாருக்கும் வரும். மாட்டத் தெரியணும்" என்றார் முதல் நாளே. அதனால் ஒவ்வொரு போல்ட்டைக் கழற்றும் முன்பும் படம் எடுத்தோம். நான் சேர்த்து வைத்திருந்த சாக்பீஸ் டப்பாக்கள் அப்போதுதான் பயன்பட்டன. ஒவ்வொன்றிலும் பேரன் சீட்டு எழுதி ஒட்டினான்: 'முன் சக்கரம்', 'கிளட்ச்', 'எது என்று தெரியவில்லை'. கடைசி டப்பாதான் சீக்கிரம் நிறைந்தது!

துருப்பிடித்த சின்ன போல்ட்டுகளை வினிகரில் ஓர் இரவு ஊற வைத்தோம். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறார்கள் அல்லவா? அதே வேலைதான். அமிலம் துருவைக் கரைக்கும். பெட்ரோல் டேங்க் பக்கம் மட்டும் பேரனை நான் விடவில்லை. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்தானது. உள்ளே தங்கிய பெட்ரோல் ஆவி காற்றோடு கலந்திருக்கும். ஒரு பொறி போதும், வெடித்துவிடும். பழைய பிரேக் கட்டையின் தூசியையும் வாயால் ஊதக் கூடாது. அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்குக் கேடு. கிடைக்காத பாகங்களைச் சென்னை புதுப்பேட்டையில் அலைந்து வாங்கினோம்.

இப்போது ஒரு கணக்கு. (வாத்தியார் விடுவாரா?) புல்லட்டை '350' என்கிறோம். சிலிண்டரின் உள்விட்டம் 7 செ.மீ. அதில் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 9 செ.மீ. ஆரம் 3.5. 22/7 × 3.5 × 3.5 = 38.5. அதை 9-ஆல் பெருக்கினால் 346.5. வண்டியின் புத்தகத்தில் 346 சி.சி. என்று இருக்கும்! உருளையின் கன அளவு எதற்கு என்று கேட்பீர்களே, இதற்குத்தான். அந்த ஒற்றைப் பிஸ்டன் நான்கு வேலை செய்கிறது: பெட்ரோல் கலந்த காற்றை உறிஞ்சும், அழுத்தும், வெடித்ததும் கீழே தள்ளப்படும், புகையை வெளியேற்றும். இரண்டு சுற்றுக்கு ஒரே ஒரு வெடி. அதனால்தான் அந்த நிதானமான 'டப்... டப்'.

எட்டு மாதம் கழித்து எல்லாம் மாட்டினோம். ஆசை பொறுக்காமல், மெக்கானிக் வரும் முன்பே கிக்கரை ஓங்கி உதைத்தேன். அது என்னைத் திருப்பி உதைத்தது! கணுக்கால் வீங்கிப் பத்து நாள் நொண்டினேன். பழைய புல்லட்டில் ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெதுவாக அழுத்த வேண்டும். முள் நடுவுக்கு வந்தால் பிஸ்டன் உச்சியில் இருக்கிறது என்று பொருள். பிறகு டீகம்ப்ரசரைப் பிடித்துக்கொண்டு, பிஸ்டனை உச்சி தாண்டி ஒரு துளி நகர்த்திவிட்டு உதைக்க வேண்டும். அப்பா செய்வதைச் சிறு வயதில் நூறு முறை பார்த்திருக்கிறேன். பார்த்தது கால் வரைக்கும் போய்ச் சேரவில்லை.

அதற்கு முன்பே, பெயின்ட் அடிக்கும் கட்டத்தில், வீட்டில் ஒரு சண்டை வந்திருந்தது. என் மகன், "அப்பா, மட்கார்டை வெட்டி, அகல டயர் போட்டு, சைலென்சரை மாற்றி ஸ்டைலாக்கிவிடலாம்" என்றான். ஆசை தப்பில்லை. நியூசிலாந்தில் பர்ட் மன்ரோ என்பவர் 1920-ஆம் வருட 'இந்தியன் ஸ்கவுட்' வண்டி ஒன்றை வைத்திருந்தார். (இந்தியன் என்பது அமெரிக்கக் கம்பெனியின் பெயர்.) மணிக்குச் சுமார் 88 கி.மீ. மட்டுமே ஓடிய அதை, தன் கொட்டகையில் பல பத்தாண்டுகள் மாற்றி மாற்றி அமைத்தார். பிஸ்டனைக்கூடத் தானே உருக்கி வார்த்தார். 1967-இல், 68 வயதில், அமெரிக்காவின் உப்புச் சமவெளியில் அதை 296 கி.மீ. வேகத்தில் ஓட்டி உலக சாதனை செய்தார்!

ஆனால் அவர் ஓட்டியது பந்தயத் தளத்தில். நம் ஊர்ச் சாலையில், கம்பெனி சொன்ன அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்த மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடை போடுகிறது. இன்னொன்றும் உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வயது தாண்டிய, அசல் உருவம் மாறாத வண்டியை 'வின்டேஜ்' என்று பதிவு செய்யலாம். எண்பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். மட்கார்டை வெட்டினால் அந்த வாய்ப்புப் போகும்.

மகன் விடவில்லை. "அப்படியென்றால் பின்னால் இருக்கும் கேரியரையும் எடுங்கள். அது கம்பெனி போட்டதில்லையே" என்றான். நியாயமான கேள்வி! அந்தக் கேரியர் எங்கள் ஊர்ப் பட்டறையில் அடித்தது. கழற்ற ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவனேதான் போனான். சேலை மூட்டையைக் கட்டிய கயிறு, வருடக்கணக்கில் உராய்ந்து உராய்ந்து, இரும்புக் கம்பியில் இரண்டு பள்ளம் போட்டிருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தான். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான். கேரியருக்கு அவன்தான் கறுப்பு பெயின்ட் அடித்தான், பள்ளத்தை நிரப்பாமல். டேங்கின் தங்கக் கோட்டின் நிறத்தை மட்டும் தன் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுத்தான். நம் ஜரிகை நிறம்!

இப்போது எனக்கு ஒரு சங்கடம். 'வி.ஏ.' பதிவு வாங்கினால் கண்காட்சிக்கும் பழைய வண்டிகளின் அணிவகுப்புக்கும் ஓட்டலாம். பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் போகலாம். தினமும் கடைத்தெருவுக்குப் போய்வரக் கூடாது. மூட்டை சுமந்த வண்டியைப் பொம்மையாக நிறுத்துவதா? இன்னும் முடிவு செய்யவில்லை. விண்ணப்பம் மேஜை மேல் இருக்கிறது. பேரனோ, "தாத்தா, பள்ளிக்கூடத்துக்கு நான் ஓட்டிப் போகிறேன்" என்கிறான். 18 வயது ஆகட்டும், பார்க்கலாம்!

உங்களுக்கு ஒரு கணக்கு: 500 புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 8.4 செ.மீ. பிஸ்டன் ஓடும் தூரம் அதே 9 செ.மீ. எத்தனை சி.சி.? தாளில் போட்டுப் பார்த்த பிறகு கீழே பாருங்கள்.

விடை: 498.96. அதாவது 499 சி.சி.