3,500 கிலோவுக்குள் ஒரு வீடு

ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு எடைமேடை இருக்கிறது. அறுவடைக் காலத்தில் கோதுமை ஏற்றிய டிராக்டர்கள் அங்கே வரிசை கட்டி நிற்கும். ஜூன் மாதத்தில் ஈ காக்கை இல்லை. விடுமுறைக்காகச் சாமான் அடைத்த கேம்பர் வேனை மேடையில் ஏற்றி நிறுத்தினேன். சீட்டு வந்தது: 3,620 கிலோ. அனுமதி 3,500. மறுநாள் காலை கிளம்ப வேண்டும்.

"120 கிலோ குறைக்கணும்" என்றேன்.

"அதுல பத்துக் கிலோ உங்ககிட்டயே இருக்கு" என்றாள் மனைவி.

ஐரோப்பாவில் சாதாரணக் கார் உரிமத்தோடு ஓட்டும் வேன்களுக்கு வெகுகாலமாக இருந்துவரும் எல்லை இந்த 3,500. ஜெர்மனியில் 1999-க்கு முன் உரிமம் எடுத்தவர்களுக்கு 7,500 வரை ஓட்டும் உரிமை உண்டு. அவர்கள் சற்றே பெரிய வண்டியாகப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். மற்றவர்களுக்காகத்தான் கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கழிப்பறை எல்லாவற்றையும் ஃபியட் டுகாட்டோ போன்ற ஒரு சரக்கு வேனுக்குள் திணித்து, இந்த எண்ணைத் தாண்டாமல் விற்கிறார்கள்.

எங்கள் வண்டியின் பதிவுச் சான்றிதழில் ஓடும் நிலை எடை 2,940 கிலோ என்றிருக்கிறது. 75 கிலோ எடையுள்ள ஓட்டுநரும், தொட்டியில் 90 சதவீத டீசலும் அதில் அடக்கம். கழித்தால் 560 கிலோ மிச்சம். இரண்டு பேருக்குத் தாராளம் என்றுதான் தோன்றும்.

ஆனால் அந்த 2,940 ஐந்து சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம், சட்டமே அனுமதிக்கிறது. ஐந்து சதவீதம் என்றால் 147 கிலோ, அதாவது இரண்டு ஆள். தண்ணீர்க் கணக்கு இன்னும் வேடிக்கை. தொட்டி 100 லிட்டர் பிடிக்கும். பல தயாரிப்பாளர்கள் பயணத்துக்கு 20 லிட்டர் போதும் என்று வைத்து எடையைக் குறிக்கிறார்கள். ரொப்பிக்கொண்டு கிளம்பினால் 80 கிலோ கூடுதல். பழைய உரிமையாளர் ஆசைப்பட்டு மாட்டிய வெயில் மறைப்பு, இழுவைக் கொக்கி, சோலார் தகடு, இரண்டாவது பேட்டரி எல்லாம் சேர்ந்து 100 கிலோவாவது இருக்கும். இதெல்லாம் நாங்கள் ஒரு சட்டை எடுத்து வைப்பதற்கு முன்பே.

மொத்த எடையை விட எனக்கு வயிற்றைக் கலக்கியது இரண்டாவது சீட்டு. பின்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்திப் பார்த்தபோது 2,060 கிலோ. பின் அச்சுக்கு அனுமதி 2,000. எங்கள் டயரில் 109 என்று சுமைக் குறியீடு இருக்கிறது. ஒரு டயர் 1,030 கிலோ தாங்கும் என்று பொருள். இரண்டுக்கும் சேர்த்து 2,060. நூல் பிடித்தாற்போல் எல்லையில் நிற்கிறோம். அதுவும் காற்று சரியாக இருந்தால்.

காரணம் வண்டியின் வாலில் தொங்கிய மின்சைக்கிள்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நான்கு மீட்டர் இடைவெளி. பின் அச்சிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி 50 கிலோ தொங்குகிறது என்று வையுங்கள். பின் அச்சில் ஏறுவது 75 கிலோ, முன் அச்சில் குறைவது 25. சீசா பலகையில் கடைசியில் உட்கார்ந்த குண்டுப் பையன் எதிர்ப்பக்கத்தைத் தூக்கிவிடுவதைப் போல. டுகாட்டோவில் இழுப்பதும் திரும்புவதும் முன்சக்கரங்கள்தான். ஈரப்புல்லில் நிறுத்திய வண்டி சுழன்று சுழன்று அங்கேயே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அபராதம் என்னவோ ஜெர்மனியில் பெரிதில்லை. ஐந்து சதவீதத்துக்கு மேல் போனால் 10 யூரோ, பத்துக்கு மேல் 30. கூடுதல் சுமையை இறக்கிவிட்டுப் போ என்று போலீஸ் சொன்னால்தான் திண்டாட்டம். நெடுஞ்சாலை ஓரத்தில் எதை இறக்குவது?

வீட்டுக்கு வந்து வாசலில் எல்லாவற்றையும் பரப்பினோம். குளியலறைத் தராசு பெரிதும் உதவியது: சாமானைத் தூக்கிக்கொண்டு ஏறுவது, என் எடையைக் கழிப்பது. தண்ணீரில் 80 லிட்டரைச் செடிகளுக்கு விட்டோம். போகும் இடத்தில் குழாய் இருக்கிறது. இரண்டாவது எரிவாயு உருளை 22 கிலோ. உள்ளே இருக்கும் வாயு 11 கிலோதான், மற்றதெல்லாம் இரும்பு. பக்கவாட்டுக் கூடாரம் 18 கிலோ, நான் ஒருமுறைகூடத் திறக்காத கருவிப்பெட்டி 15. டப்பா உணவுகளும் சைக்கிள் பேட்டரிகளும் முன்னிருக்கைப் பக்கம் நகர்ந்தன. தோசைக்கல்லைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

மாலையில் மறுபடி எடைமேடை. மொத்தம் 3,480, பின் அச்சு 1,900. அந்த மேடை 20 கிலோ, 20 கிலோவாகத்தான் காட்டும் என்பதால் அதைத் துல்லியம் என்று சொல்லமாட்டேன். திரும்பும் வழியில் பெட்ரோல் பங்கில் ஆறு பாட்டில் தண்ணீர் வாங்கலாமா என்று கேட்டாள். ஒன்பது கிலோ என்றேன்.