சிறு பிள்ளையின் பெருங்கோபம்



பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வந்த நம் இல்லங்களில் பிள்ளை வளர்ப்பிற்கு உற்றார் துணை குறைவு. கடைத்தெருவில் குழந்தை தரையில் புரண்டு அழும். வீட்டில் உண்கலத்தை வீசி எறியும். அண்டை வீட்டார் எட்டிப் பார்ப்பர். நமக்கோ நாணமும் சினமும் ஒருங்கே எழும். "அடி உதவுகிறது போல் அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்னும் பழமொழியும் அவ்வேளையில் நினைவிற்கு வரும். அதனை நம்பி நாம் செய்த ஒரு பிழையை இங்கே மறைக்காமல் எழுதுகின்றோம்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட செங்கலில் நாம் குடியிருக்கின்றோம். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லை பிரிந்தும் இங்கே இரு மொழிகளும் பிரியவில்லை. எம் மூன்று வயது மகன் பகலில் அங்கன்வாடியில் மலையாளம் கேட்கின்றான்; இரவில் வீட்டில் தமிழ் கேட்கின்றான்.

கோவில்பட்டியிலிருந்து எம் தாயார் வந்திருந்த சமயம். ஒரு மாலை அவர் பேரனுக்குச் சோறு ஊட்டினார். அவன், "மதி, மதி" என்றான். மழலை என்றெண்ணிய தாயார் மேலும் ஒரு கவளம் ஊட்டினார். மும்முறை சொல்லிப் பார்த்தவன் கிண்ணத்தைத் தட்டிவிட்டு, உருண்டு புரண்டு அலறினான். அலுவல் முடிந்து களைப்போடு நுழைந்த நாம், ஒன்றும் விசாரியாமல் அவனை அடித்துவிட்டோம். கொல்லையிலிருந்து வந்த எம் மனைவிதான், "மலையாளத்தில் மதி என்றால் போதும் என்றல்லவா பொருள்!" என்றாள்.

பயணச்சீட்டுச் சாளரத்தில் அயலார் ஏசினாலும் பொறுத்து விடை சொல்லும் நாம், முறையாகப் "போதும்" என்று சொன்ன குழந்தையிடம் பொறுமை இழந்தோம். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

பின்னர் இது பற்றித் தேடிப் படித்தோம். அமெரிக்காவில் புளோரன்ஸ் குட்இனஃப் என்னும் அம்மையார் 45 குழந்தைகளின் 1,878 சினவெடிப்புகளைத் தாய்மார் எழுதிய குறிப்புகளைக் கொண்டு ஆராய்ந்து, 1931இல் நூலாக வெளியிட்டார். பசி, களைப்பு, நோய் ஆகியவை சினத்தைப் பெருக்குவதை அவர் கண்டார். 2003இல் பொட்டிகல், டேவிட்சன் என்போர் 335 குழந்தைகளின் பெற்றோர் எழுதியவற்றை ஆராய்ந்தனர். சினம் தொடக்கத்தில் உச்சமடைந்து தணிகின்றது. துயரமோ இறுதி வரை நீடிக்கின்றது. அதனால்தான் அலறி ஓய்ந்த குழந்தை நம் மடியையே நாடுகின்றது.

இதிலிருந்து எம் இல்லத்தில் சில வழக்கங்களை மேற்கொண்டோம். பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் பிள்ளையை உதியன்குளங்கரைக் கடைகளுக்கு அழைத்துச் செல்வதில்லை. சினம் உச்சத்தில் இருக்கும்போது அறிவுரை கூறுவதில்லை. அடிபடக்கூடிய பொருள்களை அகற்றிவிட்டு அருகில் அமர்ந்து, "கோபம் வந்துவிட்டதா? அப்பா இங்கேதான் இருக்கிறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்கின்றோம். தந்தை மறுத்த மிட்டாயைப் பாட்டி ஒளித்துக் கொடுத்தால், அழுகையே காசு என்று பிள்ளை கற்கும். ஆகவே வீட்டார் அனைவருக்கும் ஒரே சொல். பிழை நம்முடையதாயின் உடனே ஒப்புக்கொள்கின்றோம். அழுகை ஓய்ந்தபின் அணைத்து, அவன் சொல்ல விரும்பியதற்கு உரிய சொல்லை இரு மொழியிலும் கற்பிக்கின்றோம்.

இவ்வளவும் செய்தும் குழந்தை தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ, அழுகையில் மூச்சடைத்து நினைவிழந்தாலோ, நாள்தோறும் பலமுறை அலறினாலோ, ஐந்து வயதிற்குப் பின்னும் தணியாவிட்டாலோ, மருத்துவரிடம் காட்டுங்கள். பேச்சு பிந்தினாலும் அவ்வாறே. இரு மொழி கேட்பது மட்டுமே பேச்சைத் தாமதப்படுத்தாது. அதன்மேல் பழி போட்டுக் காலங்கடத்தலாகாது. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் குழந்தை வளர்ச்சி மையம் உள்ளது.

எம் மகனின் கோபம் முற்றிலும் நின்றுவிடவில்லை. எம் கை ஓங்குவது நின்றிருக்கின்றது. ஊர் திரும்பிய எம் தாயார் இரவுதோறும் தொலைபேசியில் பேரனைக் கேட்கின்றார்: "சாப்பிட்டியா ராசா? மதியா?"